அடிபடுவது எங்கே என்று பார்த்துவிட்டுத் தகடு வாங்குங்கள்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் சின்ன கார் வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாருக்கு,



ஆல்ட்டோவோ வேகன் ஆரோ, ஸ்விஃப்ட்டோ டியாகோவோ, எது வைத்திருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். உயரமான எஸ்யூவி வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். அவர்களுக்கு நம் தெருவில் வண்டியை எங்கே நிறுத்துவது என்ற கவலையே போதும்.

செப்டம்பர், அக்டோபர் மழை ஓய்ந்ததும் ஒவ்வோர் ஆண்டும் ரிச்சர்ட்ஸ் பார்க்கில் நடக்க வருகிறவர்களின் பேச்சு ஒரே பக்கம் திரும்பிவிடுகிறது. ஒருவருக்குத் தண்ணீர் நின்ற பள்ளத்தில் இறங்கி சேம்பர் உடைந்திருக்கும். இன்னொருவருக்கு அடுக்ககத்தின் ராம்ப்பில் தினமும் வயிறு தட்டும். மூன்றாமவர் ஜே.சி. ரோட்டுக்குப் போய் இரும்புத் தகடு மாட்டிக்கொண்டு வந்து, இனி எனக்குக் கவலையே இல்லை என்பார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நாலு பேர் அடுத்த சனிக்கிழமை அதே கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். தகடு வெட்டுகிற, வளைக்கிற தொழிலில் வெகுகாலம் இருந்தவன் என்பதால் என்னிடமும் கேட்கிறார்கள்: “சார், எத்தனை எம்.எம். போடலாம்?”

எத்தனை எம்.எம். என்பது கடைசியில் வர வேண்டிய கேள்வி. வண்டி எந்த இடத்தில் தட்டுகிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். நான் பார்த்தவரை நம் பகுதிச் சின்ன கார்கள் அடிக்கடி உரசிக்கொள்ளும் இடம் ஒன்று, கடையில் விற்கும் தகடு மூடுகிற இடம் வேறொன்று. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மற்றதெல்லாம் விவரம்.

காரின் அடியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அம்பாசிடரில் எஞ்சின் நீளவாக்கில் இருந்தது, இழுவை பின்சக்கரங்களுக்குப் போனது. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800இல் எஞ்சினும் கியர்பாக்ஸும் குறுக்குவாக்கில், முன்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டன. நானோ போன்ற ஓரிரண்டைத் தவிர, பிறகு வந்த சின்ன கார்கள் எல்லாமே ஏறக்குறைய இந்த அமைப்புதான். எஞ்சினுக்குக் கீழே எண்ணெய் தங்கும் தொட்டியைத்தான் மெக்கானிக்குகள் சேம்பர் என்கிறார்கள். சேம்பர் கார்டு என்று விற்பது அந்தத் தொட்டியையும் கியர்பாக்ஸின் அடியையும் மறைக்கும் தகடு. முன் பம்பருக்குப் பின்னால் தொடங்கி, முன் அச்சைச் சற்றே தாண்டியதும் முடிந்துவிடும். அதற்கப்பால் இருக்கும் சைலன்சர் குழாய், தரைத்தகடு, பிரேக் பைப், பெட்ரோல் டாங்க் எதற்கும் அதனால் ஒரு பயனும் இல்லை.

இப்போது நம் ஹம்ப்ஸுக்கு வருவோம். வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இலேயே ஐ.ஆர்.சி. 99 என்ற வழிகாட்டியில் சொல்லிவிட்டது. 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு, 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம். 25 கி.மீ. வேகத்தில் அலுங்காமல் கடக்கலாம். சின்ன காரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே சுமார் 2.4 மீட்டர். அப்படியானால் இந்த அளவில் கட்டிய மேட்டின் மேல் கார் முழுக்க ஏறி நிற்கும்போது, அதன் வயிற்றுக்கு நடுவே மேடு உள்ளே வருவது 4 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். ஆல்ட்டோ 800இன் தரை இடைவெளி 16 செ.மீ. குடும்பமே ஏறி உட்கார்ந்தாலும் தட்டாது.

ஆனால் நம் தெருக்களில் இருப்பது அந்த மேடா? யாரோ கான்ட்ராக்டரிடம் சொல்லி ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட இரண்டடி அகல, அரையடி உயரத் திண்டு. அதில் முன்சக்கரம் ஏறி இறங்கிய பிறகு, பின்சக்கரம் ஏறுவதற்கு முன், முழு 15 செ.மீ. மேடும் வண்டியின் வயிற்றுக்குக் கீழே நிற்கிறது. கம்பெனிக்காரர்கள் சொல்லும் இடைவெளி பெரும்பாலும் காலி வண்டிக்கு. ஸ்விஃப்ட்டுக்கு 16.3, வேகன் ஆருக்கு 16.5, க்விட்டுக்கு 18.4 செ.மீ. என்பதெல்லாம் ஆள் ஏறாத கணக்கு. நாலைந்து பேரும் ஊருக்குப் போகும் பெட்டிகளும் ஏறினால் அதில் மூன்று நாலு செ.மீ. போய்விடும். பிறகு தட்டாமல் என்ன செய்யும்? தட்டுவது நடுவயிற்றில். சேம்பர் அதற்குள் மேட்டைத் தாண்டிப் போயிருக்கும்.

ராம்ப்பிலும் இதே கதை. பழைய பங்களாக்களை இடித்துக் கட்டிய அடுக்ககங்களில் அடித்தள பார்க்கிங்குக்கு இடம் குறைவு. அதனால் சரிவைச் செங்குத்தாக்கிவிடுகிறார்கள். ஆறடிக்கு ஓரடி ஏறும் சரிவு, மேலே சமதளத்தோடு மழுக்கப்படாமல் கூராகச் சேர்ந்தால், அந்த முனை 2.4 மீட்டர் சக்கர இடைவெளியுள்ள காரின் வயிற்றுக்குள் சுமார் 10 செ.மீ. நுழையும். நாலடிக்கு ஓரடி ஏறும் சரிவென்றால் ஏறக்குறைய 15 செ.மீ. இதுவும் நடுவயிறுதான். சரிவின் அடியில் வண்டி சமதளத்தைத் தொடும் இடத்தில் உரசுவது பம்பரின் கீழ் உதடு. அதையும் சேம்பர் கார்டு காப்பாற்றாது.

இந்த இரண்டும்தான் உங்கள் தொல்லை என்றால், தகடு போட்டும் சத்தம் அப்படியே இருக்கும். சில வண்டிகளில் கூடவும் கூடும், தகடு என்பது எஞ்சினுக்குக் கீழே இன்னும் ஒன்றிரண்டு செ.மீ. இறங்கி நிற்கிற பொருள் ஆயிற்றே. இடைவெளி போதவில்லை என்று வாங்கப்போய், இருக்கிற இடைவெளியிலும் கொஞ்சத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

சந்தேகமென்றால் சோதித்துப் பார்க்கலாம். சுண்ணாம்பையோ சாக்பீஸ் தூளையோ தண்ணீரில் குழைத்து, ராம்ப்பின் முனையில் அகலமாகப் பூசுங்கள். காயும் முன் வழக்கமாக எத்தனை பேரோடு போவீர்களோ அத்தனை பேரோடு நடை வேகத்தில் ஏறி இறங்குங்கள். பிறகு வண்டியை ஒரு பட்டறையில் பிட்டின் மேல் நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் அடி. பிட்டில் இறங்கி அண்ணாந்து பார்ப்பது ஒருநாளாவது செய்ய வேண்டிய காரியம். ஓட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கள் வண்டியின் அடியைப் பார்த்ததே இல்லை.

அங்கே முதலில் கண்ணில் படுவது சேம்பராக இருக்காது. கறுப்பு பிளாஸ்டிக் தட்டு ஒன்று தொங்கும். கம்பெனியே மாட்டி அனுப்புவது. சில வண்டிகளில் அகலமாக, சிலவற்றில் பக்கவாட்டில் ஒரு துண்டாக இருக்கும். பத்து வருஷ வண்டியென்றால் அதைப் பிடிக்கும் கிளிப்புகளில் பாதி காணாமல் போயிருக்கும். மீதியை யாரோ கட்டுக்கம்பியால் முறுக்கிவிட்டிருப்பார்கள். ஆயில் மாற்றும்போது கழற்றி, மறுபடி மாட்ட சோம்பல்பட்டு பட்டறை மூலையில் போட்டுவிட்ட தட்டுகளும் உண்டு. இது அடியைத் தாங்கும் பொருள் அல்ல. சேறும் தண்ணீரும் பெல்ட், ஆல்டர்னேட்டர் பக்கம் தெறிக்காமல் தடுக்கும், எஞ்சின் அறையில் காற்று போகிற வழியை ஒழுங்காக வைக்கும். உங்கள் வண்டியில் அது உடைந்திருந்தால் இரும்புக்குப் போவதற்கு முன் அதைப் புதிதாக வாங்கி, எல்லா கிளிப்புகளோடும் மாட்டுங்கள். செலவு குறைவு, ஓட்டையிட வேண்டியதில்லை, கம்பெனியோடு வாரண்டித் தகராறும் வராது.

அடுத்து சேம்பரின் அடியைப் பாருங்கள். நீளவாக்கில் மெல்லிய கீறல்கள் இருந்தால் உரசல். ஒரு மூலை உள்ளே அமுங்கியிருந்தாலோ ஆயில் இறக்கும் போல்ட்டின் தலை ஒரு பக்கம் தேய்ந்து மொழுக்கென்று இருந்தாலோ அது அடி. இரும்புத் தகட்டில் அழுத்திச் செய்த சேம்பர் அடிபட்டால் நசுங்கும். அலுமினிய வார்ப்பு சேம்பர் நசுங்காது, விரிசல் விடும். ஒழுகாத நசுங்கலை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சேம்பருக்குள் எண்ணெயை உறிஞ்சும் சல்லடை அடித்தட்டுக்கு மிக அருகில் இருக்கும். தட்டு உள்ளே அமுங்கினால் சல்லடையின் வாய் அடைபட்டு, எண்ணெய் அளவு சரியாக இருக்கும்போதே எஞ்சினுக்குப் போதாமல் போகலாம்.

கீறல் மட்டும்தான் என்றால், வண்டியின் உயரம் ஏன் குறைந்தது என்று பாருங்கள். வயதான காரில் ஸ்பிரிங் தளர்ந்து ஒன்றிரண்டு செ.மீ. உட்கார்ந்துவிடும். புது ஸ்பிரிங் போட்டால் இழந்த உயரம் திரும்பி வரும். ஸ்பிரிங்கின் வளையங்களுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபரை மலிவு என்று நம்மில் பலர் வாங்கினார்கள். அதைச் செருகினால் ஸ்பிரிங் அந்த இடத்தில் வேலை செய்யாது, வண்டி தூக்கிப் போடும், ஷாக் அப்சார்பர் சீக்கிரம் போகும். ஒரு சுற்று பெரிய டயர் போடலாமா என்றும் கேட்கிறார்கள். 165/70 ஆர் 14 இருக்கும் இடத்தில் 175/70 ஆர் 14 போட்டால் விட்டம் 14 மி.மீ. கூடும், வண்டி உயர்வது அதில் பாதி, 7 மி.மீ. அதற்காக ஸ்டீயரிங்கைக் கனமாக்கிக்கொண்டு, ஸ்பீடோமீட்டரையும் கொஞ்சம் பொய் சொல்ல வைப்பானேன்?

சரி, யாருக்குத்தான் தகடு வேண்டும்? அடி வாங்குகிறவர்களுக்கு. முன்சக்கரம் திடீரென்று பள்ளத்தில் விழும்போதும், சாலையில் கிடக்கும் கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவே விட்டுக் கடக்கப் பார்க்கும்போதும், சாலை மட்டத்துக்கு மேல் நிற்கும் மேன்ஹோல் மூடியிலும்தான் சேம்பர் நேராக அடி வாங்குகிறது. தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்துக்கு மாதாமாதம் போய் வருகிறவர்கள், சக்லேஷ்பூர் எஸ்டேட் பாதையில் ஏறுகிறவர்கள், தார் போடாத புது லேஅவுட்டில் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், நீங்கள் போடுங்கள். கிளாரன்ஸ் பள்ளி வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டு, வீலர் ரோட்டில் ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் வண்டிக்குப் பெரும்பாலும் தேவையில்லை.

ஓட்டும் விதத்திலும் ஒரு சங்கதி. பள்ளத்தைப் பார்த்ததும் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்குகிறோம். பிரேக் பிடித்தால் வண்டியின் மூக்கு கீழே சாயும், சேம்பருக்கு இருந்த இடைவெளி சரியாக அந்த நொடியில் குறையும். பள்ளத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சக்கரம் இறங்கும்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். ராலி ஓட்டுகிறவர்கள் இதை முதல் பாடமாகச் சொல்வார்கள். ராலி கார்களிலும் சேம்பர் கார்டு மாட்டுவார்கள். ஆனால் அங்கே தகட்டோடு ஸ்பிரிங்கும் ஷாக்கும் மாறியிருக்கும், இடையிடையே அதைக் கழற்றிப் பார்க்க ஆட்கள் காத்திருப்பார்கள். நாம் தகட்டை மட்டும் வாங்கி வந்துவிட்டோம்.

இனி எத்தனை எம்.எம். என்ற கேள்வி. 70 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் உள்ள தகடு என்று வைத்துக்கொள்வோம். 2 மி.மீ. இரும்பில் செய்தால் சுமார் ஆறரை கிலோ, 3 மி.மீ. என்றால் பத்துக் கிலோவை ஒட்டி வரும். அலுமினியத்தில் 3 மி.மீ. மூன்றரை கிலோவுக்குள், 4 மி.மீ. நாலரை கிலோ. கனமான எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக்கில் 4 மி.மீ. தட்டு ஒன்றரை கிலோவைச் சற்றுத் தாண்டும். தட்டையான தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடியாக ஏறும். அதனால் 2 மி.மீ. இரும்பின் விறைப்பை அலுமினியத்தில் கொண்டுவர 2.8 மி.மீ. போதும், எடையோ அதில் பாதி. எழுநூறு, எழுநூற்றைம்பது கிலோ வண்டியின் மூக்கில் பத்துக் கிலோ இரும்பைத் தொங்கவிடுவதை நான் விரும்பமாட்டேன். கடைக்காரர் கட்டைவிரலால் தட்டி “டங்”கென்று சத்தம் காட்டுவார். சத்தத்துக்கு மயங்க வேண்டாம்.

என்னைக் கேட்டால் 3 அல்லது 4 மி.மீ. அலுமினியம். அதிலும் வெறும் தட்டையாக இல்லாமல் நீளவாக்கில் மடிப்பு விட்டது. மடிப்பு இருந்தால் மெல்லிய தகடே விறைத்து நிற்கும், உரசினால் அந்த மடிப்பின் மேல் வழுக்கிப் போகும். பீன்யாவில் லேசரில் வெட்டி, பிரஸ் பிரேக்கில் அளவாக வளைத்து, இந்த மாடலுக்கு இது என்று தனித்தனியாகச் செய்து தர ஆள் உண்டு. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கும் தகடு எந்த வண்டிக்கும் பொருந்தாது. மாட்டுகிற இடத்தில் டிரில்லால் ஓட்டை போட்டோ வெல்டிங் வைத்தோ சரிக்கட்டுவார்கள். அடியிலுள்ள குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரில் ஓட்டை போட விடாதீர்கள். ஏற்கனவே இருக்கிற போல்ட் துளைகளில் உட்காராத தகட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது தகட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே உள்ள சந்து. ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும், 15 முதல் 20 மி.மீ. வரை. அடி விழுந்தால் தகடு மேலே வளையும். சந்து இல்லையென்றால் அந்த அடியை அப்படியே சேம்பருக்குக் கொடுத்துவிடும், தகடு இருந்தும் இல்லாத மாதிரிதான். எஞ்சினும் சும்மா இராது. கிளட்ச் விடும்போதும் வேகமெடுக்கும்போதும் ரப்பர் மவுண்ட்டின் மேல் ஆடும். மிக நெருக்கமாக வைத்த தகடு ஒவ்வொரு சிக்னலிலும் கடகடக்கும். முன் விளிம்பு மேல்நோக்கி மடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கல்லையும் திண்டையும் கொத்தி இழுக்கும். போல்ட் தலைகள் தகட்டுக்குள் அமுங்கியிருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தலை உரசி உரசித் தேய்ந்தால் ஸ்பேனர் பிடிக்காது, பிறகு ஆயில் மாற்றப் போனால் தகட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஆயில் இறக்க ஒரு வாசல் விட்டிருக்கிறார்களா, அது இறக்கும் போல்ட்டுக்கு நேராக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நேராக இல்லாத வாசலில் பாதி எண்ணெய் தகட்டின் மேலேயே ஓடித் தங்கிவிடும்.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. எண்ணெய்க் கசிவின் முதல் சாட்சி பார்க்கிங் தரையில் விழும் கறுப்புப் பொட்டு. முழுத்தகடு போட்டவர்களுக்கு அந்தச் சாட்சி கிடைக்காது. சொட்டுவதெல்லாம் தகட்டில் தேங்கும், வெளியே தெரியும்போது நிறையப் போயிருக்கும். ஆகவே தகடு மாட்டியவர்கள் மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக் எடுத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

நம் ரிச்சர்ட்ஸ் டவுனுக்கே உரிய தொல்லை மரங்கள். தூங்குமூஞ்சி மரமும் குல்மொஹரும் உதிர்க்கும் சருகு, காய், குச்சி எல்லாம் பின்புறம் மூடிய தகட்டில் சேரும். பக்கத்திலேயே சைலன்சரின் முன்குழாயும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும். வண்டி ஓடும்போது கன்வெர்ட்டரின் சூடு சில நூறு டிகிரி. காய்ந்த இலையில் எண்ணெயும் கசிந்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்பக்கம் திறந்து, காற்றும் குப்பையும் வெளியேற வழி விட்ட தகட்டை வாங்குங்கள். துணிக் கழிவும் அதில் இருக்கக் கூடாது. பட்டறையில் வேலை செய்தவர் மறந்து வைத்துவிட்டுப் போன துடைக்கும் துணியைத் தகட்டுக்குள் பார்த்திருக்கிறேன். எலியையும்தான். முழுத்தகடு எலிக்குத் திண்ணை வைத்த வீடு.

விபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 அக்டோபர் முதல் இங்கே விற்கும் கார்கள் எல்லாம் 56 கி.மீ. வேகத்தில் முன்பக்க மோதல் சோதனையைத் தாண்டியாக வேண்டும். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் பாதுகாப்பு மதிப்பீட்டில் அந்தச் சோதனை 64 கி.மீ. வேகத்தில். மோதும்போது முன்பக்கச் சட்டங்கள் எந்த வரிசையில் மடங்க வேண்டும், எஞ்சின் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் வண்டியைச் செய்கிறார்கள். சோதித்தது தகடு இல்லாத வண்டியை. ரேடியேட்டருக்குக் கீழுள்ள சட்டத்தையும் பின்னாலுள்ள சப்ஃபிரேமையும் பத்துக் கிலோ இரும்பால் இறுக்கிக் கட்டினால் மடங்கும் வரிசை மாறலாம். கம்பெனியே துணைப்பொருளாக விற்கும் தகடு உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் அதை வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அழகு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

டியாகோ ஈவி, காமெட் போன்ற மின்சார கார் வைத்திருப்பவர்கள் ஜே.சி. ரோடு பக்கமே போக வேண்டாம். உங்கள் வண்டியில் காக்க வேண்டியது பேட்டரி, அதன் அடியில் கம்பெனி போட்ட உறை இருக்கிறது. வெளியாள் அங்கே டிரில் பிடித்தால் வாரண்டியும் போகும், பயமும் சேரும். பேட்டரியின் அடியில் பலமாக அடிபட்டால் வண்டி ஓடினாலும் சர்வீஸ் சென்டரில் காட்டிவிட்டுத்தான் மறுபடி சார்ஜ் போடுங்கள். சி.என்.ஜி. வண்டிக்காரர்களுக்குப் பின்பக்கம் கனம், அதனால் பின்னால் தாழும். இரட்டை சிலிண்டர் வைத்த டியாகோவில் ஸ்டெப்னி டிக்கிக்கு அடியில் வெளியே தொங்குகிறது. உங்களுக்குத் திண்டில் தட்டுவது அதுவாகவும் இருக்கலாம்.

அடிபட்ட பிறகு என்ன செய்கிறோம் என்பதில் தகட்டைவிட அதிகப் பணம் அடங்கியிருக்கிறது. சின்ன காரின் எஞ்சினில் இருப்பது மூன்று லிட்டர் சுற்றுவட்டத்தில் எண்ணெய். சேம்பர் கிழிந்தால் சில நிமிடத்தில் காலி. டாஷ்போர்டில் எரியும் சிவப்பு எண்ணெய்க் கிண்டி விளக்கு அளவைக் காட்டுவதல்ல, அழுத்தம் போய்விட்டதைக் காட்டுவது. அது எரியும்போது பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கியிருக்கும். “வீடு இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே” என்று ஓட்டினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சேம்பர் மாற்றுவது ஒரு செலவு, எஞ்சின் பிரிப்பது வேறு வகைச் செலவு. சாதாரண காம்பிரிஹென்சிவ் பாலிசியில் அடிபட்ட சேம்பருக்குப் பணம் கிடைக்கும். எண்ணெய் இல்லாமல் ஓட்டியதால் போன எஞ்சினை, அடியின் தொடர்விளைவு என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். அதற்கு எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பு தனியாக எடுத்திருக்க வேண்டும். அதிலும் நிபந்தனைகள் உண்டு, பாலிசியைப் படித்துக்கொள்ளுங்கள். தகட்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் பலருக்கு இந்தக் காப்பே உருப்படியான வாங்கல் என்று நினைக்கிறேன். ஆக, பலமாகத் தட்டினால் ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள், இறங்கிக் குனிந்து பாருங்கள், சொட்டினால் இழுவை வண்டிக்குப் போன் போடுங்கள். எம்-சீல் வைத்து அடைப்பது பட்டறை வரை போவதற்கு மட்டும்.

இனிச் சொல்வது அடுக்ககச் சங்கக்காரர்களுக்கு. ஒரு ராம்ப்பைப் பயன்படுத்தும் முப்பது நாற்பது வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு தகடு வாங்குகிற பணத்தில் அந்த ராம்ப்பின் முனையையே உடைத்துக் கட்டிவிடலாம். வேலை பெரிதல்ல. நாலடிக்கு ஓரடி ஏறும் சரிவு சமதளத்தைச் சேரும் முன், கடைசி மூன்று மீட்டரை எட்டடிக்கு ஓரடி என்று பாதிச் சரிவாக்க வேண்டும். ஒரே கூர்முனை இரண்டு மழுங்கிய முனைகளாகப் பிரியும், வயிற்றுக்குள் நுழையும் 15 செ.மீ. ஏழரையாகக் குறையும். எந்தச் சின்ன காரும் ஆளேற்றிக்கொண்டே தாண்டும். அடியிலும் அதேபோல் செய்தால் பம்பர் தப்பிக்கும். குறுக்கே வாய்க்கால் போனால் அதன் இரும்புக் கிராதி தரைமட்டத்தோடு இருக்க வேண்டும். சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே குறுக்குக் கோடு கீறச் சொல்லுங்கள், மழையில் சக்கரம் வழுக்காது. கான்ட்ராக்டர் “கொஞ்சம் தூக்கிப் பூசிவிடுகிறேன் சார்” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தூக்கிப் பூசுவதால் முனை இடம் மாறுமே தவிர மழுங்காது. டேப்பும் மட்டப்பலகையும் வைத்து அளந்து, காகிதத்தில் வரைந்து கையெழுத்து வாங்குங்கள்.

வாசலில் இரண்டடித் திண்டு போட்டுக்கொண்ட தெருக்காரர்களுக்கும் இதையே சொல்வேன். குழந்தைகள் விளையாடுகிற தெரு, வேகம் குறைய வேண்டும், சரி. ஆனால் 3.7 மீட்டர் அகலத்தில் முறையாகக் கட்டி, வெள்ளைக்கோடு போட்ட மேடும் வேகத்தைக் குறைக்கும், பின்சீட்டில் இருக்கும் கர்ப்பிணியின் முதுகையும் ஆம்புலன்ஸையும் பதம் பார்க்காது. 2025 செப்டம்பரில் பிபிஎம்பி என்ற ஒரே மாநகராட்சி போய் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. மனு கொடுக்க வேண்டிய வாசல் மாறியிருக்கலாம், மனு மாறவில்லை. திண்டின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, படத்தோடு, ஐ.ஆர்.சி. 99 என்று எழுதி, மாநகராட்சிக்கு ஒன்றும் போக்குவரத்துப் போலீஸுக்கு ஒன்றும் கொடுங்கள். பத்து வீட்டார் கையெழுத்து இருந்தால் நல்லது.

இவ்வளவுக்கும் பிறகு சேம்பரில்தான் அடி என்று தெரிந்து தகடு வாங்கக் கிளம்புகிறவர்கள், காசு கொடுக்கும் முன் தகட்டின் அளவுகளைக் குறித்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டலாம். ராம்ப் உடைப்பதாகச் சங்கம் முடிவெடுத்தால் கான்ட்ராக்டர் வருகிற நாளைச் சொல்லியனுப்புங்கள். டேப்போடு வருகிறேன்.

இப்படிக்கு,
பார்க்குக்குப் பின்தெருவில் இருக்கும் பழைய தகட்டுப் பட்டறைக்காரர்